இந்த முகவரிக்கு இங்கே இடமில்லை

எவெலியோ தனியாக இருக்கிறார் என்று சொன்னால் அந்தக் கட்டடத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஹவானாவில் சாந்தோஸ் சுவாரெஸ் பேட்டையின் பாதி வீடுகள் அவரோடுதான் பிணைக்கப்பட்டிருந்தன. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பம். கறுப்பும் நீலமுமாக வயர்கள் எல்லாத் திசையிலிருந்தும் அந்தக் கம்பத்துக்கு வந்து, அங்கிருந்து ஜன்னல் வழியாக நாலாம் மாடியில் அவருடைய கூடத்துக்குள் இறங்கின. வயர் வந்ததே தவிர ஆள் யாரும் வரவில்லை. ஆனால் அதைக் கீழே இருப்பவர்கள் பார்க்க முடியாது.

மனைவி கமாகுவே நகரத்தில் வேறொருவரோடு குடித்தனம் நடத்துகிறாள். மகன் தாரியேல் உருகுவே நாட்டில், மொந்தெவிதேயோவில். போகிறேன் என்று சொல்லாமலே போனவன் அவன். போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்து, "சொன்னா நீங்க அழுவீங்கப்பா, அதான்" என்றான். சொல்லாததால் அழவில்லையாக்கும்! அன்றிலிருந்து, போகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள் என்று எவெலியோ மனதில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

மிச்சம் இருந்தது தெருவலைதான். யாரும் கொடுத்ததல்ல, ஹவானாக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு மாடிக்கு மாடி வயர் இழுத்து, வயர் எட்டாத இடத்தில் ஆன்டெனா வைத்து, கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டரைக் கோத்துக்கொண்ட வலை. அதில் அரட்டை உண்டு, விளையாட்டு உண்டு, தொலைக்காட்சித் தொடர்கள் உண்டு. பேட்டைக்கு ஒரு பொறுப்பாளர். சாந்தோஸ் சுவாரெஸுக்கு எவெலியோ.

சட்டமும் உண்டு. அரசியல் கூடாது, ஆபாசம் கூடாது, அடுத்தவன் அம்மாவை வம்புக்கு இழுக்கக்கூடாது. மீறினவனைப் பொறுப்பாளர் வெளியே தள்ளுவார். சில நாள் போனதும் அவராகவே திறந்து விடுவார். ஏன் தள்ளினோம் என்று அவர் சொல்வதில்லை. தள்ளப்பட்டவனும் கேட்பதில்லை. கேட்டால் கெஞ்சுவதாக அர்த்தம். கெஞ்சுகிறவனை அப்புறம் அரட்டையில் ஒருவனும் மதிக்கமாட்டான். எனவே வெளியே தள்ளப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு, தாங்கள் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

முகவரி கொடுப்பதிலும் ஒரு வழக்கம். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள்தான் முகவரி. கடைசி எண் வீட்டைக் காட்டும். முதலில் சேர்ந்தவர்களுக்குச் சின்ன எண். இருநூற்றுக்கு மேல் என்றால் கடைசியில் வந்தவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், வயர் எட்டுமோ எட்டாதோ என்று ஓரத்தில் இருப்பவர்கள். எவெலியோவின் எண் இரண்டு. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

டாமினோ மேஜை அவர் எழுதிய புரோகிராம். ரயில்வேயின் கணிப்பொறிப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்த கை அது. ஆடவருகிறவர் தன் முகவரியையும் மேஜைக்குரிய போர்ட்டையும் தட்ட வேண்டும். முகவரி வீடு என்றால் போர்ட் அந்த வீட்டின் கதவு. தட்டியது ஒழுங்கானதுதானா என்று பார்க்க இரண்டு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினார். எண்ணும் அடைப்புக்குறியும் கோடுமாக முகவரிக்கு ஒரு வரி, போர்ட்டுக்கு ஒரு வரி. தட்டியது அந்த வரிக்குப் பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் வெளியே.

போர்ட்டுக்கான வரியோடு அவர் ஒரு வாரம் மல்லுக்கு நின்றார். அதன் உச்சம் 65535. அதைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வழி விட்டு எழுதினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளத் தோன்றும். முகவரிக்கான வரியோ அதற்கு முந்தின வாரமே அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தபோது எழுதி முடித்தது. 255 போட்டார், ஏற்றுக்கொண்டது. 256 போட்டார், விரட்டியது. பீன்ஸை இறக்கப் போய்விட்டார்.

விரட்டும்போது திரையில் வருவதற்கு ஒரு வாக்கியம் வேண்டுமே. 'இந்த முகவரிக்கு இங்கே இடமில்லை' என்று எழுதினார். கண்ணியமான வாக்கியம் என்று அப்போது பட்டது.

மேஜையில் நான்கு பேர். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. மேஜையில் கிடக்கும் வரிசையின் இரு முனைகளில் ஒன்றோடு எண் பொருந்துகிற காயைத்தான் இறக்கலாம்; கையை முதலில் காலி செய்கிறவரின் ஜோடி ஜெயிக்கும். வலையில் எவெலியோவுக்கு 'நண்டு' என்று பெயர். அவருடைய ஜோடி 'தேன்சிட்டு'. தெருவலையில் நிஜப் பெயர் கேட்பது மரியாதை இல்லை. தேன்சிட்டு திட்டுகிற திட்டைப் பார்த்து, யாரோ ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் என்று எவெலியோ முடிவு கட்டியிருந்தார். இரவு எட்டு மணிக்கு இருவரும் வந்துவிடுவார்கள், ஒன்பது மணித் தொடர் ஆரம்பிக்கும்வரை ஆட்டம்.

ஜோடிக்காரர்கள் கையில் இருக்கும் காயைப் பற்றிப் பேசக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசலாம். ரேஷனில் வருகிற பட்டாணி கலந்த காபியை எப்படி வடித்தால் குடிக்க முடியும், மின்சாரம் போனால் குளிர்பெட்டிக்குள் இருக்கும் கோழியை எந்த அக்கம்பக்கத்தாரிடம் நம்பிக் கொடுக்கலாம், முழங்காலுக்கு எந்த எண்ணெய். தாரியேல் சொல்லாமல் போனதை எவெலியோ தட்டிக் காட்டியது அந்த ஒருவரிடம்தான். தேன்சிட்டு முதலில் தன் காயை வைத்தது. பிறகு, "நான் எங்க போனாலும் சொல்லிட்டுத்தான் போவேன் மச்சான், கவலைப்படாதே" என்று வந்தது. எவெலியோ அன்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து ஆடினார்.

கடைசி ஆட்டத்தில் தோற்றார்கள். இரட்டை ஒன்பதை இறக்கச் சந்தர்ப்பம் இருந்தும் தேன்சிட்டு இறக்கவில்லை. காய் கையிலேயே மாட்டிக்கொண்டது. எவெலியோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கண்ணைக் கழட்டி வச்சுட்டா ஆடுறே?" என்று தட்டினார்.

"விடு மச்சான். நாளைக்குச் சொல்றேன் அதை. நான் வீடு மாறுறேன், சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம். கோடியில இருக்கு, பெரிய நம்பர்தான் கொடுப்பாங்களாம். எட்டு மணிக்கு வந்துடுவேன். என் இடத்துல எவனையும் உக்கார வைக்காதே."

உட்கார வைக்கவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு அந்த நாற்காலி காலி. அதற்கடுத்த நாளும் காலி. வயர் இழுக்க நாளாகும் என்று நினைத்தார். பிறகு முழங்கால் என்று நினைத்தார். பிறகு, ஒரு சாயங்காலம், திரையைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டான்" என்று வாய்விட்டுச் சொன்னார். மியாமியோ, மாட்ரிட்டோ, எங்கேயோ. சொல்லிவிட்டுப் போவேன் என்றவனும் சொல்லாமல்தான் போனான். மகன்மேல் வராத கோபம் இவன்மேல் வந்தது. ஆனாலும் அந்த நாற்காலியை வேறு யாருக்கும் திறக்கவில்லை. எதிரே ஆள் இல்லாமல், கம்ப்யூட்டரையே ஜோடியாக வைத்து ஆடினார். அது நன்றாகவே ஆடியது. காபியைப் பற்றி அதனிடம் பேசத்தான் முடியவில்லை.

அப்படியே மழைக்காலம் போய், இன்னொரு மழைக்காலமும் வந்தது.

தரைத்தளத்துக்குப் புதிதாக ஒருத்தி குடிவந்தாள். யூசிமி என்று பெயர், நகம் அலங்கரிப்பவள், ஊர் குவாந்தானமோ. கிழக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஹவானாக்காரர்கள் சொல்லாத கிண்டல் இல்லை. அவள் அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறவள். எவெலியோ அவளுக்கு வயர் இறக்கி, 217 என்று எண் கொடுத்துவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டவில்லை, குத்தினாள்.

"ஏங்க பெரியவரே! நான் இன்னும் வாயையே தொறக்கல. அதுக்குள்ள டாமினோ மேஜையை விட்டு வெளிய தள்ளிட்டீங்களே, என்ன நியாயம் இது? பேசவிட்டுத் தள்ளியிருந்தா சரி, பேசினதுக்குன்னு நெனச்சுக்குவேன்."

"நான் யாரையும் தள்ளலையேம்மா."

"தள்ளலையா? 'இந்த முகவரிக்கு இங்கே இடமில்லை'ன்னு வருதே, அதை யாரு எழுதினது, உங்க பாட்டனாரா? குவாந்தானமோக்காரின்னா இளக்காரமா?"

"நம்பரைத் தப்பா தட்டியிருப்பே."

"இருநூத்திப் பதினேழு. என் அத்தை வீட்டு நம்பரும் அதுதான், தூக்கத்துலகூடத் தப்பாது. உங்க கம்ப்யூட்டர்ல நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினார். இந்த முகவரிக்கு இங்கே இடமில்லை. மறுபடி தட்டினார். அதே பதில். யூசிமி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எவெலியோ புரோகிராமைத் திறந்து அந்தப் பழைய வரியைப் பார்த்தார். இருநூறுகளுக்காக அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

2[0-5][0-5]

முதலில் இரண்டு, அடுத்து ஐந்துக்குள் ஓர் இலக்கம், அதற்கடுத்து ஐந்துக்குள் ஓர் இலக்கம். 255 பொருந்துகிறது, 256 பொருந்தவில்லை. ஆனால் 217-இல் கடைசி இலக்கம் ஏழு. ஏழு ஐந்தைத் தாண்டுகிறது. 217 வந்தாலும் வெளியே, 206 வந்தாலும் வெளியே, 239 வந்தாலும் வெளியே. இருநூறுகளில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதில் முடிகிற ஒரு வீட்டையும் அந்த வரி வீடாகவே மதிக்கவில்லை. பள்ளிப் பிள்ளை செய்கிற தப்பு.

எவெலியோவுக்குச் சிரிப்பு வந்தது. யூசிமியிடம் விளக்கி, "உன்மேல தப்பில்லம்மா, என் புத்தியிலதான் ஓட்டை" என்றார்.

"இத்தனை வருஷமா இருந்த ஓட்டையை ஒருத்தர்கூடவா சொல்லல?"

"இங்க யாரும் கேக்கமாட்டாங்க. தண்டிச்சிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"என்னத்த ஊருய்யா இது! கதவு சாத்தியிருந்தா தட்டமாட்டீங்களா?"

எவெலியோ திரையைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தேன்சிட்டு கடைசியாகத் தட்டியது ஞாபகம் வந்தது. பெரிய நம்பர்தான் கொடுப்பாங்களாம். எட்டு மணிக்கு வந்துடுவேன். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போகவில்லை. அவன் போகவே இல்லை. வந்திருக்கிறான், வந்து கதவில் நின்றிருக்கிறான், கண்ணைக் கழட்டி வச்சுட்டா ஆடுறே என்று திட்டு வாங்கிய மறுநாளே. அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்!

"பெரியவரே, தண்ணி கொண்டு வரட்டுமா? மூஞ்சி வெளுத்துப் போச்சே" என்றாள் யூசிமி.

வரியை அன்றே திருத்தினார்.

2[0-4][0-9]|25[0-5]

எழுத இரண்டு நிமிஷம் ஆகவில்லை. எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தார். யூசிமி உள்ளே வந்து அரட்டையில் அமர்க்களப்படுத்தினாள். வேறெந்த இருநூறும் வரவில்லை. அடுத்த சில நாளும் அப்படியே. பூட்டைத் திறந்துவிட்டால் போதுமா? தன்னை விரட்டிவிட்டார்கள் என்று நம்பிப் போனவன், இன்று திறந்திருக்கிறதா என்று வந்து பார்த்துக்கொண்டிருப்பானா? அவராக இருந்தால் பார்க்கமாட்டார்.

வளைகுடாவுக்கு அடியில் போகிற சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் என்றால் ஆலமார் பேட்டை. அங்கே பொறுப்பாளர் ஓஸ்னியேல், போன் ரிப்பேர் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை எவெலியோ இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நசுங்கி நசுங்கிப் பஸ்ஸில் போய் இறங்கினார்.

"டாமினோ ஆடற ஆளா? இருநூத்து நாப்பத்தெட்டு! நல்லா ஞாபகம் இருக்கு" என்றான் ஓஸ்னியேல். "வந்த புதுசுல தினமும் எட்டு மணிக்கு முன்னாடி எங்கிட்ட வருவாங்க. 'என்னை ஏன் தள்ளினாங்கன்னு கேட்டுச் சொல்லேன்'னு. நான்தான், கேக்காதீங்க, அவங்களே திறப்பாங்க, கேட்டா இன்னும் நாளாகும்னு சொன்னேன். நம்ம வழக்கம் அதானே பெரியவரே?"

"வழக்கம்தான்" என்றார் எவெலியோ. "அப்புறம்?"

"அப்புறம் வரது நின்னுபோச்சு. எதிர் பிளாக், மூணாம் மாடி. எர்மினியா அம்மான்னு கேளுங்க."

அம்மாவா? எவெலியோ படியேறும்போது மனதில் இருந்த பஸ் டிரைவரைக் கஷ்டப்பட்டு இறக்கிவிட வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தவளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரே அறை. கட்டில், அடுப்பு, சுவரோரம் கட்டுப் பிரிக்காத பெட்டிகள். 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று எவெலியோவுக்குத் தெரியவில்லை.

"நான் நண்டு" என்றார்.

அவள் அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். "நீ குட்டையா இருப்பேன்னு நெனச்சேன்" என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை விட்டு நகர்ந்தாள், அவ்வளவுதான்.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். இரண்டு, ஐந்து, ஐந்து. எட்டு ஐந்தைத் தாண்டுகிறது. அடுப்பில் பீன்ஸ். வேண்டுமென்று செய்யவில்லை. நாற்காலி இன்னும் காலி. சுவரில் விரலால் எழுதிக்கூடக் காட்டினார். அவள் கேட்டு முடித்துவிட்டு, அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"ஏன் வீடு மாறினேன்னு உனக்குத் தெரியாதுல்ல" என்றாள். "எங்க கட்டடத்து மேல்மாடி இடிஞ்சு விழுந்துடுச்சு. மழையில. அங்க இருந்தவங்களுக்கு இங்க ஆளுக்கொரு ரூம். முதல் நாள் இந்தப் பெட்டிங்களுக்கு நடுவுல கம்ப்யூட்டரை மட்டும்தான் பிரிச்சேன். அந்த ஒரு மணி நேரம் உன்கூட ஆடிட்டா, எங்க இருக்கோம்னு மறந்துபோகும்னு. 'இந்த முகவரிக்கு இங்கே இடமில்லை'ன்னு வந்துச்சு."

எவெலியோ சுவரில் எழுதிக் காட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"ஒரு காய்க்காகவான்னு யோசிச்சேன். ஒரு இரட்டை ஒன்பதுக்காகவா ஒருத்தன் இப்படிப் பண்ணுவான்? இல்ல, உன் பையனைப் பத்தி ஏதாவது சொல்லிட்டேனோ? நான் தட்டின ஒவ்வொண்ணையும் நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். பதில் கிடைக்கல."

"நான் கோவிக்கல. ஒருநாள்கூடக் கோவிக்கல... இல்ல, கோவிச்சேன். நீ சொல்லாம நாட்டை விட்டுப் போயிட்டேன்னு."

"நான்தான் சொல்லிட்டுப் போவேன்னு சொன்னேனே."

"சொன்னே."

"ஆனா நீ நம்பல."

அவள் காபி வடித்துக் கொடுத்தாள். பட்டாணி வாசனையே வரவில்லை. அவள் சொன்ன பக்குவம் சரிதான் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் குடித்தார். கம்ப்யூட்டரைக் காணோம் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"மருமகன் வீட்டுக்குக் கொடுத்துட்டேன். சும்மாதானே கிடந்துச்சு."

"என்கிட்ட ஒண்ணு உபரியா இருக்கு" என்றார் எவெலியோ அவசரமாக. "அடுத்த ஞாயிறு கொண்டு வந்து வைக்கறேன். வயர் ஓஸ்னியேல் இழுத்துடுவான். எட்டு மணிக்கு..."

"வேணாம் மச்சான்."

அவர் கையில் கோப்பையோடு நின்றார்.

"நீ பொய் சொல்லல, தெரியுது. ஆனா உன்னைக் கெட்டவன்னு நம்பறதுக்கு எனக்கு ரொம்ப நாளாச்சு. கஷ்டப்பட்டு நம்பினேன். அப்பதான் தூக்கம் வந்துச்சு. இப்ப மறுபடி முதல்லேர்ந்து உன்னை நல்லவனாக்கிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

எவெலியோ கோப்பையைக் கழுவித் தொட்டியோரம் கவிழ்த்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. வாசல்வரை வந்தவள், அவர் நாலைந்து படி இறங்கியதும் மேலிருந்து கூப்பிட்டாள்.

"அந்த இரட்டை ஒன்பது. எதிராளி கையில நாலு இருந்துச்சு, நான் ஒன்பதை இறக்கியிருந்தா அவன் நாலைப் போட்டு முடிச்சிருப்பான். அதான் வேற காயை வச்சு நாலு முனையை அடைச்சேன். உனக்கு இன்னொரு முறை வரட்டும்னு. மறுநாள் சொல்றேன்னு சொன்னேன்ல, இதைத்தான்."

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாகத்தான் சாத்தினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எவெலியோ வெளியே பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தை மனதில் மறுபடி ஆடினார். நாலு, ஆமாம், எதிராளி இரண்டு சுற்றாக நாலுக்குத்தான் காத்திருந்தான். முப்பது வருஷம் கணிப்பொறியோடு இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவள் தன் கையைக் கெடுத்துக்கொண்டு அவருக்கு வழி விட்டிருக்கிறாள். அதற்குத்தான் அவர் அப்படித் தட்டினார். சுரங்கப்பாதை இருட்டுக்குள் பஸ் நுழைந்தபோது அவர் சத்தமில்லாமல் அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் நெரிசலைச் சபித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் புரோகிராமைத் திறந்தார். கண்ணியமான அந்த வாக்கியத்தை அழித்தார். பதிலுக்கு என்ன எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'தப்பு என்னுடையதாகவும் இருக்கலாம். வந்து கேளுங்கள். எவெலியோ, நாலாம் மாடி' என்று நிஜப் பெயரோடு எழுதினார். தெருவலையில் யாரும் அப்படி எழுதியதில்லை.

எட்டு மணி ஆயிற்று. எதிர் நாற்காலி காலி. அரட்டையில் யூசிமியிடமிருந்து வந்தது: "பெரியவரே, அந்த நாலாவது சீட்டு யாருக்கு? எப்பப் பார்த்தாலும் ஆளில்லாம பூட்டியே கிடக்கு."

அவர் விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். ஆலமாரில் அந்த அம்மா அடுப்பை அணைத்திருப்பாள். பெட்டிகளுக்கு நடுவே படுத்திருப்பாள். அவளுக்குத் தூக்கம் வர வேண்டுமே என்று இருந்தது அவருக்கு.

"யாருக்கும் இல்ல. வந்து உக்காரு" என்று தட்டினார்.

217 மேஜைக்கு வந்தது. காய்கள் பிரிந்தன. எதிராளி ஒன்பதில் ஆரம்பித்தான். தன் முறை வந்ததுமே யூசிமி இரட்டை ஒன்பதைத் தூக்கி வைத்தாள். அடுத்த எதிராளி மறுமுனையில் ஆடினான். திரையின் நடுவே இரட்டை ஒன்பது கிடந்தது. எவெலியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுங்க பெரியவரே, தூங்கிட்டீங்களா? தப்பா வச்சுட்டேனா?"

"இல்லம்மா, சரியாத்தான் வச்சே" என்று தட்டினார். "தப்பா வச்சாலும் நான் திட்டமாட்டேன்."

கையில் ஒரு ஒன்பது இருந்தது. அதைத் தேடியெடுத்து வைத்தார்.